செறிபொருள் ஆய்வும் காவிரிப் படுகை மாணவரும்

தஞ்சை வட்டாரத்தில் முதுகலை இயற்பியல் முடிப்போர் பலர் முனைவர் பட்ட ஆய்வென்றதும் தயங்கக் காண்கிறோம். வீட்டு நிலைமை இடந்தராது என்பதே அவர்தம் விடை. சிறுபான்மை மாணவர்க்குத் துணைநின்ற மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. அவ்விழப்பு சிறிதன்று, எனினும் வழி அடைபட்டுவிடவில்லை.

செறிபொருள் இயற்பியல், திண்மங்களுள் கோடானுகோடி எலெக்ட்ரான்கள் கூடி நிகழ்த்தும் விந்தைகளை ஆராய்வது. பாதரசம் கலந்த செம்பு ஆக்சைடு ஒன்று, பூச்சியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 139 டிகிரி செல்சியஸ் குளிரில் மின்தடையை முற்றும் இழந்து மீக்கடத்தியாகிறது. வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மடங்கு அழுத்தினால், அவ்வளவு குளிர் வேண்டுவதில்லை. பூச்சியத்திற்குக் கீழ் 109 டிகிரியே போதும் என 1994இல் கண்டனர். அணுக்கள் நெருங்க நெருங்க எலெக்ட்ரான்களின் போக்கே மாறிவிடுகிறது.

இத்தகைய உயரழுத்த ஆய்வுக்கெனத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் தனி மையமே நிறுவப்பட்டது. தஞ்சையிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவுதான். ஏனோ நம் மாணவர் கண்ணில் அது படுவதில்லை! கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் உண்டு. கோட்பாட்டில் நாட்டமுடையோர்க்குச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனம். மீக்கடத்தி பற்றி 1987இல் ஆண்டர்சனுடன் இணைந்து கோட்பாடு வகுத்த கணபதி பாஸ்கரன் பணியாற்றிய இடம் அது.

வீட்டு நிலைமைக்கு வருவோம். அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோர்க்கு, 2023 முதல் திங்கள்தோறும் ரூ.37,000 வழங்கப்படுகிறது. முதுகலை இறுதியாண்டில் பயில்வோரும் இத்தேர்வை எழுதலாம். ஆதலால் திண்மநிலை இயற்பியல் கணக்குகளை முதலாண்டிலேயே போட்டுப் பழகத் தொடங்குதல் வேண்டும்.