அருஞ்சொல் அறிதல்

கல்வி பயில்வார்க்குத் தாய்மொழி கண் போன்றது. பிறமொழி அறிவு பலகணி போன்றது. கண்ணை மூடிக்கொண்டவனுக்குப் பலகணியால் பயன் இல்லை. பலகணி இல்லாத அறைக்குள் இருப்பவனோ கண்ணிருந்தும் வெளியுலகைக் காணமாட்டான். இக்காலத்தில் மருத்துவம், பொறியியல், சட்டம் முதலிய துறைகளின் உயர்கல்வி நூல்கள் பலவும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆதலின், அம்மொழியின் அருஞ்சொற்களைப் பொருளோடு அறிதல் மாணவர்க்கு இன்றியமையாதது ஆகும்.

அவற்றை அறிவதற்கு மாணவர் பலர் கைக்கொள்ளும் வழி நெட்டுருச் செய்தல் ஒன்றே. ஒருபுறம் சொல்லையும் மறுபுறம் பொருளையும் எழுதி, நாளொன்றுக்குப் பத்து என்று மனப்பாடம் செய்கின்றனர். காலையில் கற்றது மாலையில் மறக்கின்றது. மறவாது நிற்பதும் உரிய இடத்தில் உதவுவதில்லை. பெயர் மட்டும் தெரிந்த ஒருவரை நெடுநாள் நண்பர் என்று நம்புதல் எத்தகைய அறியாமையோ, அத்தகையதே ஒரு சொல்லின் பொருளை மேற்போக்காக அறிந்து அதனை நம்புதலும். அவ்வறியாமைக்கு யானும் ஒருகால் ஆளானேன். அதனால் விளைந்த துன்பத்தை நுகர்ந்தவன் என் தம்பி.

1986-ஆம் ஆண்டில் யான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். இலக்கண இலக்கியங்களை முறையாகப் பயின்றிருந்தேன். ஆங்கிலமோ எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவிலேயே இருந்தது. அக்குறையைப் போக்கக் கருதிச் சொற்பட்டியல் நூல் ஒன்றை வாங்கி நாள்தோறும் உருப்போட்டேன். 'இன்' என்பது ஒரு சொல்லின் முன்னே வந்தால் எதிர்மறைப் பொருள் தரும் என்று அந்நூல் கூறிற்று. 'கரெக்ட்' சரியானது, 'இன்கரெக்ட்' சரியற்றது. 'விசிபிள்' கண்ணுக்குத் தெரிவது, 'இன்விசிபிள்' தெரியாதது. இவ்விதி ஒன்றைக் கொண்டே நூறு சொற்களுக்குப் பொருள் கண்டுவிடலாம் என்று மகிழ்ந்தேன்.

அந்நாளில் எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு வண்ணம் பூசிய தொழிலாளர், வண்ணத்தை இளக்கும் தின்னர் என்னும் நீர்மம் நிறைந்த தகர டப்பா ஒன்றை விட்டுச் சென்றார். அதன்மேல் தமிழெழுத்து ஒன்றும் இல்லை. "அண்ணா, இதை எங்கே வைப்பது?" என்று தம்பி வினவினான். டப்பாவின் மேல் 'இன்ஃப்ளேமபிள்' என்று பொறித்திருந்தது. 'ஃப்ளேம்' என்பது தீச்சுடர் என யான் அறிவேன். முன்னே 'இன்' இருத்தலின் தீப்பற்றாதது என்று முடிவு செய்தேன். "அடுப்பங்கரையிலேயே வை; இது தீப்பற்றாத பொருள்" என்று பெருமிதத்தோடு கூறினேன். உண்மையில் அச்சொல்லின் பொருள், எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதாம்.

மறுநாள் மாலை மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரம் ஒன்றை எடுக்கத் தம்பி கை நீட்டியபோது டப்பா சாய்ந்து மூடி கழன்றது. அடுப்பிலிருந்த தீ தாவி அவன் வலக்கையைப் பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போர்த்தி அதனை அணைத்தேன். அவன் மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தான். எழுதும் கை ஆதலின், அவ்வாண்டு பத்தாம் வகுப்புத் தேர்வை அவனால் எழுத இயலவில்லை. இன்றும் அவன் முழுக்கைச் சட்டையே அணிகிறான்.

எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மருத்துவமனைக்கு வந்தார். நடந்ததை அவரிடம் மறையாது உரைத்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "புலவரே, சொல்லை நீங்கள் பிரித்தது பிழையன்று. பிரித்த உறுப்பு எத்தன்மையது என்று ஆராயாததே பிழை. தமிழ்ச் சொல்லாயின் இவ்வாறு விட்டிருப்பீர்களா?" என்றார். அன்றுதொட்டு ஈராண்டுக் காலம் மாலைதோறும் அவரிடம் ஆங்கிலம் பயின்றேன். அவரிடம் கற்றவற்றுள் உங்கட்குப் பயன்படுவனவற்றை ஈண்டுக் கூறுவேன்.

முதலாவது, ஆங்கிலச் சொற்களின் பிறப்பை அறிதல் வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டளவில் ஆங்கிலர், சாக்சானியர் முதலிய இனத்தார் பிரிட்டன் தீவில் வந்து குடியேறினர். அவர்கள் பேசிய மொழியே ஆங்கிலத்தின் அடிப்படை. 1066-ஆம் ஆண்டில் நார்மாண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். அதன்பின் அரசவையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றது. வயலில் மேயும் ஆட்டிற்கு 'ஷீப்' என்பது உழவர் வழங்கிய பழஞ்சொல். அதுவே உணவாகிச் செல்வர் இலைக்கு வரும்போது 'மட்டன்' எனப் பிரெஞ்சுவழிப் பெயர் பெறுகின்றது. பின்னர் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்தாண்டனர். நம் இலக்கண நூலார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தனர். அக்கண்கொண்டு நோக்கின், ஆங்கிலத்தில் திசைச்சற்களே மிகுதி எனலாம். நம் கட்டுமரமும் அங்கே 'காட்டமரான்' என்று உருமாறி வாழ்கின்றது. சுருட்டு 'செரூட்' ஆயிற்று.

இரண்டாவது, சொல்லைப் பிரித்தறிதல் வேண்டும். 'நடந்தான்' என்னும் சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி எனப் பிரிக்க நீங்கள் கற்றிருக்கின்றீர்கள். அப்பயிற்சி ஆங்கிலத்திற்கும் உதவும். 'போர்ட்' என்பது சுமத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் பகுதி. சுமப்பவர் 'போர்ட்டர்'. சுமந்து செல்லத்தக்கது 'போர்ட்டபிள்'. நாட்டுக்குள் கொண்டுவருதல் 'இம்போர்ட்'. வெளியே கொண்டுசெல்லுதல் 'எக்ஸ்போர்ட்'. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுதல் 'டிரான்ஸ்போர்ட்'. பகுதி ஒன்றை அறியவே ஐந்து சொற்கள் வசமாயின அல்லவா?

இனி, சற்றுக் கடினமானவற்றைக் காண்போம். 'அனிமஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு உள்ளம் என்பது பொருள். பெரிய என்னும் பொருளுடைய 'மேக்னஸ்' அதனோடு சேர்ந்து 'மேக்னானிமஸ்' ஆயிற்று. பேருள்ளம் படைத்த என்பது பொருள். ஒன்று என்னும் பொருளுடைய 'யூனஸ்' சேர்ந்து 'யுனானிமஸ்' ஆயிற்று. அவையில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்கிறோமே, அந்த ஒருமனதே இச்சொல். இன்ப துன்பங்களில் உள்ளம் கோடாது சமமாக நிற்றல் 'ஈக்வனிமிட்டி'. இவ்வாறே, 'சர்கம்ஸ்பெக்ட்' என்பது சுற்றும் எனவும் பார்த்தல் எனவும் பொருள்படும் இரண்டு உறுப்புகளால் ஆயது. ஒரு செயலைத் தொடங்குமுன் சுற்றுமுற்றும் பார்க்கும் விழிப்புடைமையை அது குறிக்கும். கிரேக்க மொழியில் 'டெலி' என்பது தொலைவு. 'போன்' என்பது ஒலி. 'ஸ்கோப்' என்பது நோக்கும் கருவி. 'டெலிபோன்', 'டெலிஸ்கோப்' என்பவற்றைத் தொலைபேசி, தொலைநோக்கி எனத் தமிழாக்கியோரும் இவ்வுறுப்புகளை உணர்ந்தே ஆக்கினர்.

மூன்றாவது, புணர்ச்சியை அறிதல் வேண்டும். செம்மை என்னும் பண்புப்பெயர் செங்கதிர், செந்தாமரை, செம்பருத்தி என வருமொழிக்கேற்பத் தன் மெய்யெழுத்து திரிந்து நிற்கின்றது. எதிர்மறை 'இன்' என்பதும் அத்தகையதே. 'பாசிபிள்' என்பதனோடு சேருங்கால் 'இம்பாசிபிள்' என்றும், 'லீகல்' என்பதனோடு 'இல்லீகல்' என்றும், 'ரெகுலர்' என்பதனோடு 'இர்ரெகுலர்' என்றும் திரிகின்றது. இயலாதது, சட்டத்திற்குப் புறம்பானது, ஒழுங்கற்றது என்பன முறையே அவற்றின் பொருள். இம், இல், இர் என மூன்றாகத் தோன்றினும் உறுப்பு ஒன்றே. ஒலிக்க எளிதாக வேண்டும் என்னும் இயல்பு எம்மொழி பேசுவார்க்கும் பொது அன்றோ?

நான்காவது, யான் தவறிய இடம். இலத்தீனில் 'இன்' என்னும் முன்னுறுப்பு இரண்டு உண்டு. ஒன்று இல்லை என்னும் பொருளது. மற்றொன்று உள்ளே, மேலே என்னும் பொருளது. 'இம்போர்ட்' என்பதில் நிற்பது பின்னதே. பள்ளிக்கு வரும் 'இன்ஸ்பெக்டர்' பாராதவர் அல்லர். உள்ளே புகுந்து பார்ப்பவர்! 'இன்ஃப்ளேமபிள்' என்னும் சொல்லிலும் இந்த இரண்டாம் 'இன்'னே உள்ளது. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அச்சொல் பிறந்தது.

நம் இலக்கணத்தில் பொதுமொழி என்பது ஒன்றுண்டு. 'வேங்கை' எனத் தனிமொழியாய் நின்றால் புலியையோ மரத்தையோ குறிக்கும். 'வேம் கை' எனப் பிரிந்து தொடர்மொழியானால் வேகின்ற கை எனப் பொருள்படும். இவ்வெடுத்துக்காட்டினை மாணவர்க்குப் பலமுறை கற்பித்தவன் யான். என் தம்பியின் கை வெந்த பின்னரே, அதன் கருத்து எனக்கு உள்ளவாறு விளங்கிற்று.

இச்சொல்லால் மயங்கியவன் யான் ஒருவனே அல்லேன். ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களும் மயங்கினர். ஆதலின், 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புக் கழகம், 'இன்' இல்லாத 'ஃப்ளேமபிள்' என்னும் வடிவத்தையே வழங்குமாறு வற்புறுத்தியது. இரண்டிற்கும் பொருள் ஒன்றே. தீப்பற்றாதது என்பதற்கு 'நான்ஃப்ளேமபிள்' என்பதே உரிய சொல். நம் நாட்டுச் சாலைகளில் செல்லும் எண்ணெய் லாரிகளில் பழைய வடிவத்தை இன்றும் காணலாம். அதனைக் கண்டால், எட்டி நிற்க வேண்டும் என்று உணர்க.

ஐந்தாவது, பிரித்துக் கண்ட பொருளை வழக்கோடு ஒப்பிடல் வேண்டும். சொற்களின் பொருள் காலத்தால் மாறும். நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்னும் சொல், இன்று தீய மணத்தையே குறிக்கின்றது. ஆங்கிலத்தில் இதற்கு மாறாக, அறியாத என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்து, முன்பு பேதைமையைக் குறித்த 'நைஸ்' என்பது இன்று இனியது எனப் பொருள்படுகின்றது. 'வேல்யுவபிள்' என்றால் மதிப்புடையது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது என்று கொள்ளற்க. மதிப்பிட இயலாத அளவு உயர்ந்தது என்பதே பொருள். உங்கட்கு உதவிய பெரியவர் ஒருவரின் உதவியை இச்சொல்லால் பாராட்டலாம். பொருளறியாத ஒருவரோ அதனை இகழ்ச்சி என எண்ணி வருந்துவார்.

வழக்கினை அறிதற்குத் துணையாவது அகராதி. ஆங்கிலத்தில் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி புகழ்பெற்றது. அதனினும் விரிவானது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. ஜேம்ஸ் மரே என்னும் அறிஞர் 1879-இல் அதன் பதிப்பாசிரியரானார். ஆயிரக்கணக்கான அன்பர்கள் பல நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் ஆளப்பட்ட தொடர்களைத் தாள்களில் எழுதி அவருக்கு அனுப்பினர். முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. 1915-இல் மரே மறைந்தார். பிறர் தொடர்ந்து பணியாற்ற, இறுதிப்பகுதி 1928-இல் நிறைவுற்றது. தமிழிலும் வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பிறர் ஆயுளெல்லாம் உழைத்துத் தேடிவைத்ததைப் புரட்டிப் பார்க்க நமக்கு இரண்டு நிமிடம் போதும். அவ்விரண்டு நிமிடத்தைச் செலவிட யான் அன்று சோம்பினேன்.

ஆதலின், மாணவர்களே! புதிய சொல் ஒன்றைக் கண்டால் முதலில் அதனைப் பிரித்துப் பாருங்கள். அதன் பகுதியோடு உறவுடைய சொற்களைத் தேடி ஒரு குடும்பமாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்னர் அகராதியில் பொருளைத் தெளியுங்கள். இறுதியாக, அச்சொல்லை வைத்து நீங்களே ஒரு தொடர் அமைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். நாளொன்றுக்குப் பத்துச் சொல் வேண்டா. இவ்வாறு கற்ற இரண்டு போதும். தமிழிலக்கணத்தை நன்கு பயின்றவர்க்கு இவ்வழி புதியதன்று. பழகிய கருவியைப் புதிய நிலத்தில் பயன்படுத்துவதே ஆகும்.

என் தம்பி மறு ஆண்டு அத்தேர்வை எழுதித் தேறினான். என்மேல் அவன் சினந்ததே இல்லை. ஆயினும், யான் ஏதேனும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கூறத் தொடங்கினால், "அண்ணா, அகராதியைப் பார்த்தீர்களா?" என்று இன்றும் புன்னகையோடு கேட்பான். யான் எழுந்து சென்று பார்த்துவிட்டே விடை கூறுவேன்.