கடன் கம்பனிகளில் நிகழும் மோசடியும் கமக்காரர் கவனிக்க வேண்டியவையும்

வெங்காய நடுகைக்கும் உருளைக்கிழங்கு விதைக்கும் கைப்பணம் தட்டுப்படும் வேளையிலேயே கடன் கம்பனியின் முகவர் படலையைத் திறந்து வருகின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 2009ஆம் ஆண்டின் பின்னர் இத்தகைய கம்பனிகள் பெருகின. வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை நீக்க 2018இல் அரசாங்கம் முன்வர நேர்ந்தமை சுமையின் அளவைக் காட்டும். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்பு ஏற்கும் கம்பனிகளையே நோக்கியது. வைப்பு ஏற்காது கடன் மட்டும் கொடுத்தோர் அதன் வலைக்குள் அகப்படவில்லை.

முதலில் வட்டியைக் கணித்தல் வேண்டும். 50,000 ரூபாவை 24 வீத வட்டிக்கு, 52 வாரத் தவணையில் ஒருவர் பெறுகின்றார் எனக் கொள்வோம். வட்டி 12,000 ரூபா; வாரத் தவணை ஏறக்குறைய 1,192 ரூபா. முதல் வாரந்தோறும் குறைந்து வரினும், வட்டியோ முழுத் தொகைக்கே அறவிடப்படுகின்றது. ஆகவே உண்மையான வட்டி 40 வீதத்திற்கு மேற்படும். இது மோசடியன்று, ஆயினும் மறைத்துச் சொல்லப்படுமிடத்து மோசடிக்கு அயலதே.

மோசடி பெரும்பாலும் குழுக்கடனில் நுழைகின்றது. அங்கே ஒருவருக்கொருவர் பிணை நிற்பர். நிரப்பப்படாத படிவத்தில் கையொப்பம் பெற்றுக்கொண்ட முகவர், அப்பெயரில் இரண்டாவது கடனொன்றை எழுதிப் பணத்தைத் தாமே எடுத்துக்கொள்ளக்கூடும். பெயருக்குரியவர் அறியார், கம்பனியும் அறியாது. தவணை தவறியபின் பிணை நின்ற அயலவளின் வீட்டு வாயிலிலேயே வழக்கு வந்து நிற்கும். இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. குழுக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கடன்தொகையையும் மீதியையும் உரத்து வாசித்தல் வேண்டும். மாதம் ஒருமுறை, முகவரைக் கொண்டல்லாது, நேரே கிளைக்குச் சென்று கணக்குக்கூற்றுப் பெற்று ஒப்பிடுக. தவணைக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டுக் கொடாதவரும், தவணைப் புத்தகத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்பவரும் ஐயத்திற்குரியவர்.

கடன் வழங்குமுன் “காப்புப்பணம்” கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுத்தலாகாது.

காணியைப் பிணையாக வைப்போர் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஈட்டுறுதி என்று சொல்லி அறுதியுறுதியில் ஒப்பமிடுவித்தால் தோட்டமே கைமாறிவிடும். நொத்தாரிசு முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டிய பின்னரே ஒப்பமிடுக. படியொன்றையும் கேட்டுப் பெறுக.

ஐயம் எழுந்தால் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பம் வாங்குக. பயனில்லையேல் பொலிசிலும், உரிமம் பெற்ற கம்பனியாயின் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திலும் முறையிடலாம். முறைப்பாட்டுடன் பற்றுச்சீட்டுகளின் படிகளை மட்டுமே கொடுத்து, மூலங்களை வீட்டில் வைத்துக்கொள்ளுக.