கர்ப்பிணிக்கு எந்தச் சத்து மாத்திரை?

வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், சென்னை உறவுக்காரர்கள் சும்மா வரமாட்டார்கள். தி.நகரில் வாங்கிய சத்துப் பவுடர் டப்பா, மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடை லேகியம், யாரோ சொன்ன விட்டமின் மாத்திரை எல்லாம் வந்து சேரும். அன்பாகக் கொடுப்பதுதான். ஆனால், "சத்துதானே, கூடினால் என்ன?" என்று எல்லாவற்றையும் சாப்பிடலாமா? கூடாது.

தேவையான மாத்திரைகள் சிலதான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் மூன்று மாதம் போலிக் அமிலம். நாலாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை தினம் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். எலும்புக்குக் கால்சியம், நாலாம் மாதம் முதல் இரண்டு வேளை. ரத்தசோகை இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். நீங்களாகக் கூட்டாதீங்க.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகும், பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பார்கள். இரண்டும் பொய். மலம் கறுப்பாகப் போவது நிஜம், அதற்குப் பயப்படாதீங்க. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்குங்க. காபி, டீ, கால்சியத்தோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மாமியாருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது வேறு. விட்டமின் ஏ அளவு மீறினால், அதுவும் முதல் மாதங்களில், குழந்தைக்குப் பிறவி ஊனம் வரலாம். மீன் ஈரல் எண்ணெயிலும் அது அதிகம். முருங்கைக்கீரையும் கேரட்டும் அப்படிச் செய்யாது, தாராளமாகச் சாப்பிடலாம். சில பஸ்பம், செந்தூரங்களில் ஈயமும் பாதரசமும் இருப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஈயம் தாயின் ரத்தம் வழியே கருவுக்குப் போய் மூளையைக் கெடுக்கும்.

பவுடர் டப்பா பெரும்பாலும் விஷமில்லை. ஆனால் அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை படி நிலக்கடலை வாங்கலாம்! கர்ப்பத்தில் சர்க்கரை கண்டவர்கள் இனிப்பு கலந்த பவுடரைத் தொடவே வேண்டாம்.

கணவன்மார்களே, வீட்டுக்கு வந்த டப்பா, லேகியம், மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு நர்சம்மாவிடம் காட்டுங்கள். கோபிக்க மாட்டார்.

இன்னொன்று. சிவப்பு மாத்திரை மூத்த பிள்ளையின் கண்ணுக்கு மிட்டாய் மாதிரி தெரியும். சின்னப் பிள்ளை பல மாத்திரைகளைத் தின்றால் சாகவும் நேரும். எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். தின்றுவிட்டால் வாந்தி வருதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.