இறங்குற பாரத்தின் சக்தி எங்கே போகுது?

மாடியிலிருந்து நெல் மூட்டையைக் கயிறு கட்டி இறக்கினால் உள்ளங்கை சுடும் இல்லையா? மேலே இருந்த மூட்டையின் நிலை ஆற்றல்தான் கையில் வெப்பமாக மாறுகிறது. தொழிற்சாலை கிரேனில் அந்தக் கையின் வேலையைச் செய்வது ‘பிரேக் ரெசிஸ்டர்’, அதாவது ஒரு பெரிய மின்தடை. கோயம்புத்தூர் பக்கம் ஃபவுண்டரியில் எலக்ட்ரீசியனாக இருக்கும் எங்க மாமா சொன்னதை நம்ம பாடக் கணக்கோடு சேர்த்து எழுதுகிறேன்.

மோட்டார் ஜெனரேட்டர் ஆகும்

பாரத்தைத் தூக்கும்போது மோட்டார் கரண்டை எடுக்கும். இறக்கும்போது பாரமே மோட்டாரைச் சுத்தும். அப்போது மோட்டார் ஜெனரேட்டராகி கரண்டைத் திருப்பி அனுப்பும்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்கு ‘டிரைவ்’ என்று பெயர். அது 415 வோல்ட் மூன்று பேஸ் கரண்டை முதலில் சுமார் 587 வோல்ட் டி.சி. ஆக மாற்றுகிறது. சாதாரண டிரைவ், திரும்பி வரும் சக்தியை லைனுக்கு அனுப்பாது. அதனால் உள்ளே வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகும். 800 வோல்ட் வாக்கில் டிரைவ் ட்ரிப் ஆகிவிடும். அதற்கு முன்னாடியே, 750 வோல்ட் வாக்கில், ஒரு டிரான்சிஸ்டர் ரெசிஸ்டரை இணைத்து, மிச்ச சக்தியை வெப்பமாக்கி வெளியே விடும். (இந்த அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.)

எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரு கிரேன் 1000 கிலோவை 6 மீட்டர் இறக்க 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. ஆற்றல் = 1000 × 9.8 × 6 = 58,800 ஜூல்.
2. திறன் = 58,800 ÷ 30 = 1960 வாட். (உராய்வில் கொஞ்சம் போகும். ஆனாலும் முழுசையும் கணக்கில் எடுப்பதே நல்லது.)
3. அதிகபட்ச ஓம் = 750 × 750 ÷ 1960 = சுமார் 287. இதைவிடக் கூடினால் ரெசிஸ்டரால் அவ்வளவு சக்தியையும் எரிக்க முடியாது, டிரைவ் ட்ரிப் ஆகும்.
4. குறைந்தபட்ச ஓம் டிரைவின் புத்தகத்தில் இருக்கும். அது 80 என்று கொள்வோம். அதைவிடக் குறைந்தால் கரண்டு அதிகமாகி டிரான்சிஸ்டர் எரிந்துவிடும். ஆகவே நாம் 100 ஓம் எடுக்கலாம்.
5. 2 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் இறக்குகிறோம் என்றால் சராசரித் திறன் 1960 × 30 ÷ 120 = 490 வாட். 1000 வாட் ரெசிஸ்டர் போடலாம். ஆனால் அது 1960 வாட்டை 30 விநாடி தாங்குமா என்று ரெசிஸ்டர் கம்பெனி தரும் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்புதான் முக்கியம்

அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால் என்ன ஆகும்? கிரேன் சும்மா நின்றாலும் ரெசிஸ்டரில் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். 587 × 587 ÷ 100 = சுமார் 3446 வாட்! 1000 வாட் ரெசிஸ்டரில் இது மூணு மடங்குக்கும் மேல். கம்பி சிவந்து, பக்கத்தில் சாக்கு, எண்ணெய்த் துணி இருந்தால் தீப்பிடிக்கும்.

அப்போது டிரைவில் ‘ஸ்டாப்’ பட்டனை அழுத்தினாலும் பிரயோஜனம் இல்லை. ஏன்னா கரண்டு மெயின் லைனிலிருந்தே வருகிறது. அதனால்:

* ரெசிஸ்டரில் ஒரு தெர்மல் ஸ்விட்ச், அல்லது அதன் லைனில் டி.சி.க்கு ஏற்ற ஓவர்லோடு ரிலே வைக்க வேண்டும்.
* சூடு மீறினால் அது டிரைவுக்கு முன்னால் இருக்கும் மெயின் காண்டாக்டரையே விடுவிக்க வேண்டும். மாமா அழுத்திச் சொன்னது இதைத்தான்.
* கரண்டு போனதும் தானாகவே பிடித்துக்கொள்ளும் மெக்கானிக்கல் பிரேக் கிரேனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஆள் மேல் விழும்.
* ரெசிஸ்டருக்குக் கம்பி வலை மூடி வேண்டும். மேலேயும் கீழேயும் காற்றுப் போக இடம் விட வேண்டும்.
* கரண்டை நிறுத்தியதும் உடனே தொடக் கூடாது. டிரைவில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கழியும்வரை கெப்பாசிட்டரில் மின்சாரம் இருக்கும். அதற்குப் பிறகும் ரெசிஸ்டர் சுடும்.

நினைவில் கொள்க: சரியான ஓம் கிரேனை ஓட வைக்கும். சரியான காண்டாக்டர் இணைப்பு ஆளைக் காப்பாற்றும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: அதே பாரத்தை 15 விநாடியில் இறக்கினால் அதிகபட்சம் எத்தனை ஓம் வரை போடலாம்? விடை அடுத்த இதழில்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி