பரணும் பெட்டியும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் தூத்துக்குடி மாவட்டத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் வைத்திருந்த என் மதிப்பெண் சான்றிதழ்களும் தாத்தா காலத்து வீட்டுப் பத்திரமும் ஊறிப்போயின. பரணில் கிடந்த கால் உடைந்த மடக்கு நாற்காலியும் ஓட்டை வாளியுமோ ஒரு துளி ஈரமின்றி வீற்றிருந்தன! நகல் சான்றிதழுக்கு அலைந்த அலைச்சல் தனிக்கதை.

பிறகுதான் பரணை அளந்து பார்த்தேன். ஏழடி உயரத்தில் பத்தடி நீளம், இரண்டடி அகலம். அதற்கும் கூரைக்கும் இடையே மூன்றடி. ஆக 60 கன அடி. இரண்டு பீரோக்கள் கொள்ளும் இடத்தைக் குப்பைக்குக் கொடுத்திருந்தோம். சுவரில் மாடம் வைத்து விளக்கையும், உத்தரத்தில் உறி கட்டித் தயிரையும் காத்த முன்னோர் நம்மைக் கண்டால் நகைப்பார்கள்.

பரண் சுவரிலிருந்து நீட்டிய பலகை. ஆகவே அதன் வெளியோரத்தில் கனம் ஏற்றலாகாது. கனமான பெட்டிகள் உட்புறம் இருக்கட்டும். நம் ஊர் உப்புக்காற்றில் தகரம் விரைவில் துருப்பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே நல்லது. காகிதங்களைப் பாலித்தீன் உறையிலிட்டு, பெட்டியைச் சுவரில் உரசாமல் இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும். மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பார்த்துவிடுகிறேன்.

அந்த நாற்காலியை எறிய மட்டும் அம்மாவுக்கு மனம் வரவில்லை. இப்போது அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது.