மணிக்கட்டில் ஓர் ஆய்வுக்கூடம்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முதலாமாண்டு செய்முறை வகுப்பில் நாங்கள் முதன்முதலாகக் கையில் எடுத்த கருவி திருகு அளவி. கம்பியின் விட்டத்தை அளக்க விரைந்த எங்களைப் பேராசிரியர் தடுத்து, "முதலில் கருவியின் சுழிப்பிழையைப் பாருங்கள், கம்பியைப் பிறகு அளக்கலாம்" என்றார். அன்று அதனை மதிப்பெண்ணுக்குரிய ஒரு விதியாக மட்டுமே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதன் முழுப்பொருளும் சென்ற ஆண்டு புரட்டாசி மாதத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் எனக்கு விளங்கிற்று. விளங்க வைத்தது என் மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஒரு கைப்பட்டை. அதன் எடை 24 கிராம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாமா, ஆடி மாதம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது இதனை எனக்குப் பரிசாக அளித்தார். நடந்த அடிகள், நாடித்துடிப்பு, உறங்கிய நேரம் ஆகியவற்றை இது காட்டும். இன்று நம் கல்லூரியிலேயே பலருடைய கைகளில் இத்தகைய பட்டைகளைக் காணலாம். ஆயினும் அவை எதனை, எவ்வாறு அளக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் கற்றதையும், அதற்கு முன் செய்த தவறு ஒன்றையும் இங்கே எழுதுகின்றேன்.

நான் செய்த தவறு

எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில் உள்ளது. அம்மா நடவு, களையெடுப்பு ஆகிய வயல் வேலைகளுக்குச் செல்பவர். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி எங்கள் தெருவுக்கு வந்த பணியாளர், அம்மாவின் குருதியழுத்தம் சற்று மிகுந்திருப்பதைக் கண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லச் சொன்னார். அங்கே மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கவும் நடக்கவும் அறிவுரை கூறினர்.

அப்பொழுது சம்பா நடவுக் காலம். ஒருநாள் காலை என் பட்டையை அம்மாவின் இடக்கையில் கட்டி அனுப்பினேன். மாலையில் அது காட்டிய எண் 2,140. முதல் நாள் கல்லூரிக்குச் சென்று வந்த எனக்கோ 7,800 அடிகள் காட்டியிருந்தது. "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்கணும்மா. நீ ரெண்டாயிரம்தான் நடந்திருக்க" என்றேன்.

அம்மா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையிலேருந்து குனிஞ்ச முதுகு நிமிரல தம்பி. இது ரெண்டாயிரம்ங்குதா?" என்றவர், சற்று நேரம் கழித்து, "படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்றிரவு முதல் சமையலை முடித்துவிட்டு, பட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் நடந்தார். நான்காம் நாள் காலை முழங்கால் வீங்கிவிட்டது. மூன்று நாள் நடவுக்கூலி போயிற்று. சுகாதார நிலையத்தில் செவிலியர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "நாள் முழுக்கச் சேற்றில் நின்ற காலுக்கு ராத்திரி ஓய்வுதான் வேண்டும். வேலை இல்லாத நாளில் நடக்கட்டும். யார் இப்படிச் சொன்னது?" என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் தலைகுனிந்து நின்றேன்.

அடிகளை எண்ணும் விதம்

தவறு எங்கே நேர்ந்தது? அதனை அறியக் கருவியின் உள்ளே செல்ல வேண்டும்.

பட்டையினுள் முடுக்கமானி என்னும் மிகச்சிறிய சில்லு உள்ளது. அதில் சிலிக்கனால் ஆன நுண்ணிய நிறை ஒன்று, சிலிக்கனாலேயே ஆன மெல்லிய வில்களால் தாங்கப்பட்டிருக்கிறது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நாம் பின்னோக்கிச் சாய்வது போல, கை அசையும்போது இந்நிறையும் நிலைமத்தால் சற்றே பின்தங்குகிறது. அப்போது அதனையொட்டிய தகடுகளின் இடைவெளி மாறுகிறது. மின்தேக்குத் திறனும் மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் இவ்வாறு அளக்கப்படுகிறது.

நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் வீசுகிறது. கால் தரையில் ஊன்றும் அதிர்ச்சியும் கையை எட்டுகிறது. ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வரும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டு, பட்டையிலுள்ள கணிப்பு முறை அதனை அடிகளாக எண்ணுகிறது. ஆகவே, பட்டை கால்களைப் பார்ப்பதில்லை. கையின் அசைவிலிருந்து கால்களை ஊகிக்கிறது என்பதே உண்மை.

இதனைச் சோதிக்க எண்ணி, நண்பன் ஒருவன் வாய்விட்டு எண்ண, கல்லூரி மைதானத்தில் 100 அடிகள் நடந்தேன். கைவீசி நடந்தபோது பட்டை 99 என்று காட்டியது. வீட்டில் நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து, பட்டை கட்டிய கையால் அணைத்துப் பிடித்தபடி 100 அடி நடந்தேன். 31 மட்டுமே காட்டியது. துவைகல்லில் துணியை அடித்துத் துவைத்தபோது, ஓரடியும் நகராமலே 46 அடிகள் ஏறின! மேலும், தொடர்ந்து சில அடிகள் வைத்த பிறகே என் பட்டை எண்ணத் தொடங்குகிறது. தற்செயலான கையசைவுகளை ஒதுக்குவதற்கான ஏற்பாடு இது.

முழங்கால் சரியாகி அம்மா மீண்டும் நடவுக்குச் சென்றபோது, நானும் உடன் சென்று வரப்பில் நின்று பார்த்தேன். இடக்கை நாற்றுமுடியைப் பற்றியபடி அசைவின்றி இருக்கிறது. வலக்கை நாற்றைப் பிரித்து ஊன்றுகிறது. சில நாற்றுகளை ஊன்றியதும் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி ஓரடி பின்வைக்கிறார். கைவீச்சு இல்லை; தொடர்ந்த நடையும் இல்லை. சேற்றிலிருந்து ஒரு காலை இழுக்கும் உழைப்பு, தார்ச்சாலையில் ஓரடி வைப்பதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆனால் பட்டைக்கு அது ஓரடியாகக்கூடத் தோன்றுவதில்லை. 2,140 என்பது அம்மாவின் உழைப்பன்று. அவருடைய இடக்கை வீசப்பட்ட கணக்கு.

அப்பாயியின் நாடி

நாடியை அளப்பது மற்றோர் அழகிய இயற்பியல். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, ஊசலின் அலைவு நாடித்துடிப்போடு ஒத்துவரும்வரை அதன் நூலின் நீளத்தை மாற்றி, அந்நீளத்தையே நாடியின் அளவாகக் கொண்டார். தனி ஊசல் செய்முறை செய்த நமக்கு இது எளிதில் விளங்கும். 1937-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன், விரல்களில் ஒளியைச் செலுத்திக் குருதியோட்ட மாறுபாட்டை அறியும் முறையை வெளியிட்டார். அம்முறையின் வழிவந்ததே நம் பட்டை.

பட்டையின் அடியில் ஒளியுமிழ் டையோடு பச்சை ஒளியைப் பாய்ச்சுகிறது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 530 நானோமீட்டர். குருதியிலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உட்கவரும். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தோலடியிலுள்ள நுண்குழாய்களில் குருதி சற்றே மிகுகிறது. திரும்பிவரும் ஒளி சற்றே குறைகிறது. இக்குறைவுகளை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைக்கும்.

ஒருநாள் என் அப்பாயி ஆசையோடு கையை நீட்டினார். கட்டிவிட்டேன். வெறும் கோடுகளே தோன்றின, எண் வரவில்லை. "ஏன்டா, எனக்கு நாடி அடங்கிப்போச்சுங்குதா இந்தப் பொட்டி?" என்று சிரித்தார். காரணம் பிறகு புரிந்தது. அப்பாயியின் மணிக்கட்டைச் சுற்றி இளவயதில் குத்திய பச்சை இருக்கிறது. தோலுக்குள் பதிந்த மை ஒளியைத் தடுத்துவிடுகிறது. பச்சை குத்தாத இடமாகப் பார்த்து முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டினேன். 74 என்று காட்டியது. அப்பாயிக்கும் மகிழ்ச்சி, எனக்கும் நிம்மதி.

பத்தாயிரம் வந்த கதை

நான் அம்மாவிடம் கூறிய பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபின், ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. 1965-இல் யமாசா என்னும் ஜப்பானிய நிறுவனம் 'மான்போ-கெய்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'பத்தாயிரம் அடி மானி' என்பது அப்பெயரின் பொருள். அது இடுப்பில் அணியும் கருவி என்பதும் கருதத்தக்கது. பத்தாயிரம் என்பது நினைவில் நிற்கும் முழு எண். மருத்துவ ஆய்வில் கண்ட எல்லையன்று.

2019-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 17,000 முதிய பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. நாளொன்றுக்கு 2,700 அடிகள் நடந்தோரைவிட 4,400 அடிகள் நடந்தோரிடையே இறப்பு விகிதம் குறைவாயிருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்குமேல் அவ்விகிதம் மேலும் குறையவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அடிகளைக் குறிப்பிடாமல், வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. வேலையில் செய்யும் உடலுழைப்பையும் அது உடலியக்கத்தில் சேர்த்தே பேசுகிறது.

பயன்படுத்தும் முறை

இவ்வளவும் கூறியதால் பட்டையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. தேர்வுக் காலத்தில் காலை முதல் இரவுவரை அமர்ந்தே இருந்த நாட்களில் 1,500 அடிகளைக்கூட எட்டவில்லை என்பதை இதுதான் எனக்கு உணர்த்திற்று. விடியற்காலை 4.30 மணிக்கு ஓசையின்றி மணிக்கட்டில் அதிர்ந்து எழுப்புகிறது. ஒரே அறையில் ஐவர் உறங்கும் எங்கள் வீட்டில் இது பெரிய உதவி.

நண்பர்களுக்குச் சில குறிப்புகள்: பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே, இறுக்கமின்றியும் தளர்வின்றியும் கட்டுக. வியர்வையை அன்றாடம் துடைத்துத் தோலையும் உலரவிடுக. ஒருவரது எண்ணை மற்றவரது எண்ணோடு ஒப்பிடாமல், தம் நேற்றைய எண்ணோடு இன்றையதை ஒப்பிடுக. செலவான கலோரி என்று காட்டுவதை அப்படியே நம்ப வேண்டா. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்குட்பட்ட பிழையோடு அளந்தன. ஆற்றல் செலவில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. நெஞ்சுவலி, மயக்கம் போன்றவை தோன்றினால் பட்டையைப் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்க.

நிறைவாக

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றவர் பலர். நாம் ஒன்றைச் சொன்னால், "படித்த பிள்ளை" என்பதற்காகவே வீட்டில் உள்ளோர் அதனைக் கேட்டு நடப்பர். தம் உடல் வேறு சொன்னாலும் நம் சொல்லையே நம்புவர். அந்த நம்பிக்கை நமக்குப் பெருமையாவதோடு பொறுப்பும் ஆகும். கம்பியை அளக்கத் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். வீட்டில் அறியாமல் ஒன்றைச் சொன்னால் ஒரு முழங்கால் வீங்கும்.

இப்பொழுது இரவு 8 மணிக்கு என் பட்டை ஒருமுறை அதிரும்படி வைத்திருக்கிறேன். அது அதிர்ந்ததும் அம்மாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். எத்தனை அடி நடந்தாய் என்று கேட்பதில்லை. "இன்னைக்கு எத்தனை மா நட்டீங்கம்மா?" என்று கேட்கிறேன். அந்தக் கணக்கை அம்மாவே சொல்கிறார்; அதில் பிழை இருப்பதில்லை.