அணு நிஜமா, கணக்கா?



இந்த வார எபிசோடில் 'சயன்டிஃபிக் ரியலிசம்'னு ஒரு சொல் வந்தது. தமிழில் அறிவியல் மெய்ம்மைவாதம். பேசும்போது வேகமா கடந்துட்டோம்; இங்கே நிதானமா பார்க்கலாம்.

கேள்வி இதுதான்: அணு, எலக்ட்ரான் எல்லாம் நிஜமாவே இருக்கா, இல்ல கணக்கு சரியா வரணும்னு நாம வச்சுக்கிட்ட கற்பனையா? நிஜம்னு சொல்றவங்க ரியலிஸ்ட். மற்றவர்களுக்குக் கோட்பாடு ஒரு கருவி. வேலை செஞ்சா போதும்.

"எதுவா இருந்தா என்ன, ரிசல்ட் ஒண்ணுதானே?"ன்னு தோணுதா? ஒரு கதை கேளுங்க.

டால்டன் 1808-லேயே அணுக் கொள்கையை எழுதிவிட்டார். வேதியியலாளர்கள் அதை வைத்துப் பல ஆண்டுகள் கணக்குப் போட்டார்கள். ஆனாலும் 1900 வாக்கில் இயற்பியலாளர் மாக்கும் வேதியியலாளர் ஆஸ்ட்வால்டும் அணு இருப்பதை ஏற்கவில்லை.

1905-ல் ஐன்ஸ்டைன் ஒரு படி மேலே போனார். மூலக்கூறுகள் நிஜம் என்றால், நீரில் மிதக்கும் நுண்துகளை அவை முட்டித் தள்ள வேண்டுமே? எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார். 1908-ல் பாரிசில் ழான் பெரென் மஞ்சள் மரப்பிசினை நுண்ணிய உருண்டைகளாக்கி நீரில் கலந்தார். எந்த உயரத்தில் எத்தனை உருண்டை நிற்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணினார். அதிலிருந்து, ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்ற அவகாட்ரோ எண் கிடைத்தது. 1909-க்குள் ஆஸ்ட்வால்டே மனம் மாறினார். 1913-ல் வந்த நூலில் பெரென் 13 வழிகளைப் பட்டியலிட்டார். வானத்தின் நீலம் ஒரு வழி, கதிரியக்கம் இன்னொரு வழி. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. விடை மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

அணு வெறும் கற்பனைன்னு நினைக்கிறவர், அதை எண்ணிப் பார்க்க இவ்வளவு பாடுபடுவாரா?

சரி, ரியலிஸ்ட் தோற்கவே மாட்டாரா? தோற்பார். ஒளி 'ஈதர்' என்ற ஊடகத்தில் பயணிக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் உறுதியாக நம்பினார்கள். 1887-ல் மைக்கேல்சனும் மோர்லியும் அதைத் தேடி அளந்தார்கள். எதிர்பார்த்த விளைவு வரவில்லை. நிஜம்னு எடுத்துக்கிட்டதாலதான் தேடினாங்க. தேடினதாலதான் தப்பும் வெளியே வந்தது.

அடுத்த முறை உங்க லேபிலோ கோடிலோ ஒரு மாடல் சரியான விடை கொடுத்தா, அதோட நிறுத்திடாதீங்க. "இது நிஜம்னா, வேற எங்கே தெரியணும்?"னு கேளுங்க. அங்கே போய்ப் பாருங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்!